புழுங்கல் அரிசியும் பொறுமையும்

நல்லுணவை உண்ணத் தொடங்குவது எளிது; அதைத் தொடர்வதே அரிது. சர்க்கரையைக் குறைத்து, கீரையைக் கூட்டி, சோற்றை அளந்து உண்ணத் தொடங்கியவர் முதல் திங்களில் ஊக்கத்தோடு இருப்பார். இரண்டாம் திங்களில் எடையைப் பார்ப்பார், இம்மியும் குறைந்திராது. மூன்றாம் திங்களில் இரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வரும். எண் சற்றே கூடியிருந்தாலும் வியப்பதற்கில்லை. நான்காம் திங்களில் பழைய தட்டு பழையபடி நிறையும். இதனை மன உறுதியின் குறை என்று சொல்லிக் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு சொல்வது உண்பவருக்கு நீதி செய்வதாகாது. உணவு தரும் பலன் எப்போது வரும், எவ்வாறு வரும், எதனோடு ஒப்பிட்டால் அது கண்ணுக்குப் புலப்படும் என்பவற்றை அறியாமையே இச்சோர்வுக்குப் பெருங்காரணமாகும். இதனை விளக்குவதற்கு மலாயா நாட்டின் வரலாற்றிலேயே தக்க சான்று ஒன்று உண்டு. அது பெரிபெரி நோயின் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி பேரழிவு செய்தது. கால்கள் மரத்துப் போகும்; நடை தளரும்; சிலருக்கு உடல் வீங்கும்; இதயம் பழுதுற்று உயிர் திடுமெனப் பிரியும். சீனச் சுரங்கத் தொழிலாளரே இந்நோய்க்குப் பெருமளவில் இரையாயினர். அதே காலத்தில், அதே வெயிலிலும் மழையிலும், அவர்களைக் காட்டிலும் குறைந்த கூலிக்கு உழைத்த தமிழ்த் தோட்டப் பாட்டாளிகளை இந்நோய் அரிதாகவே அணுகியது. மலேரியா அவர்களை வாட்டியது. வயிற்றுக் கடுப்பும் கொக்கிப் புழுவும் வாட்டின. லயத்து வாழ்வில் நலவாழ்வுக்குரிய வசதி எதுவும் இருந்ததில்லை. எனினும் பெரிபெரி மட்டும் அவர்களை விட்டு விலகியே நின்றது. தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்ட மலாய்க் குடியானவரையும் அது பெரும்பாலும் தீண்டவில்லை.

காரணம் அரிசிப் பானையில் இருந்தது. சீனர் உண்டது சயாம் நாட்டிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. ஆலையில் நன்கு தீட்டப்பட்டது. தமிழர் உண்டது இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்து வந்த புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் இட்டு அவித்து, களத்தில் பரப்பி உலர்த்தி, பின்னர் குத்துவது தமிழகத்துச் சிற்றூர்களில் வழிவழி வந்த முறை. குத்தும்போது அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் அரிக்காது, உழைப்பவனுக்கு வயிறு நெடுநேரம் தாங்கும் என்பனவே அம்முறைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவிக்கும்போது வேறொன்றும் நிகழ்கிறது. தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரில் கரைந்து அரிசிமணியின் உள்ளே புகுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதன் பெரும்பகுதி போகாது. பச்சரிசியிலோ அச்சத்து வெளித்தோலிலேயே இருப்பதால் தவிட்டோடு நீங்கிவிடும். தஞ்சையிலும் திருச்சியிலும் நெல் அவித்த பெண்டிர் இதனை அறிந்து செய்தாரில்லை. நோயைத் தடுக்கிறோம் என்ற எண்ணமின்றியே அவர்கள் நோயைத் தடுத்தனர். இக்கருத்து மனத்தில் நிற்கட்டும். இதன் முழுப் பொருள் பின்னர் விளங்கும்.

இன்று இவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடிய இவ்வுண்மையை அன்று காண இயலாமற் போனது ஏன்? உடல் தன் விடையைக் காலந்தாழ்த்திச் சொல்வதே முதற்காரணம். தீட்டிய அரிசியை மட்டுமே உண்பவன் அன்றோ மறுநாளோ நோயுறுவதில்லை. ஏறத்தாழ மூன்று திங்கள் கழிந்த பின்னரே கால்கள் தளரும். அதற்குள் அவன் சுரங்கம் மாறியிருப்பான், குடிசை மாறியிருப்பான், மழைக்காலம் வெயிற்காலமாகியிருக்கும். நோய் கண்ட நாளில் அருகில் இருப்பதன்மீது பழி விழும். குணமாவதும் அவ்வாறே. இதயத்தைப் பற்றிய பெரிபெரி சரியான உணவால் விரைந்து தணியக்கூடும். ஆனால் நரம்பைப் பற்றியது எளிதில் விடாது. நல்லுணவு உண்ணத் தொடங்கிய பின்னரும் பல திங்கள் கால்கள் தடுமாறும். அவ்வாறு தடுமாறும் நோயாளி, உணவால் பயனில்லை என்று முடிவுகட்டினால் அவனை எவ்வாறு குறைகூறுவது?

மருத்துவரும் தடுமாறவே செய்தனர். கோலாலம்பூரில் 1900-இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒருவகைக் கிருமியால் வருவது என்று வாதிட்டார். கிருமிகளைக் கண்டுபிடித்த பெருமை ஐரோப்பிய மருத்துவத்தில் ஓங்கியிருந்த காலம் அது. எந்நோய்க்கும் ஒரு கிருமி இருக்கும் என்று நம்புவது இயல்பாக இருந்தது. ஒன்று உடலுக்குள் புகுவதால் நோய் வரும் என்பது விளங்கிற்று. ஒன்று இல்லாமற் போவதாலும் நோய் வரும் என்பது விளங்கவில்லை.

மலாயாவில் இவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வேறு இரு நாடுகளில் இதற்கு விடை பாதியளவு கிடைத்திருந்தது. அவற்றுள் ஒன்று சப்பான். அந்நாட்டுக் கடற்படையில் 1883-ஆம் ஆண்டில் 100 பேருக்கு 23 பேர் வீதம் பெரிபெரியால் தாக்குண்டனர். ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் வழியாக 272 நாள் கடலில் உலவித் திரும்பியபோது, அதிலிருந்த 376 பேரில் 169 பேர் நோயுற்றிருந்தனர். 25 பேர் மாண்டனர். இலண்டனில் மருத்துவம் பயின்று திரும்பியிருந்த தக்காகி கனேஹிரோ, குறை உணவில்தான் உள்ளது என்று துணிந்து கூறினார். அவருடைய வற்புறுத்தலால் 1884-இல் ட்சுக்குபா என்னும் கப்பல் அதே வழியில் அனுப்பப்பட்டது. அரிசியைக் குறைத்து, இறைச்சியும் கட்டிப்பாலும் ரொட்டியும் காய்கறியும் கூட்டித் தரப்பட்டன. அக்கப்பலில் ஒருவரும் இறக்கவில்லை. நோயுற்ற சிலரும் பெரும்பாலும் தமக்களித்த புதிய உணவை முழுமையாக உண்ணாதவர்களே என்பது பின்னர் தெரிந்தது.

இவ்வெற்றிக்குப் பின் எல்லாம் எளிதாக நடந்திருக்கும் என எதிர்பார்ப்போம். நடக்கவில்லை. மாலுமிகள் ரொட்டியை வெறுத்தனர். சோறுண்டு வளர்ந்த நாக்கு, ‘இஃது உன் உயிர்காக்கும்’ என்று சொன்னதற்காக ரொட்டியை விரும்பிவிடுமா? தக்காகி இங்கேதான் தம் அறிவுத்திறனைக் காட்டினார். மாலுமிகளின் மன உறுதியைக் கூட்ட அவர் முயலவில்லை. உணவையே அவர்கள் பக்கம் நகர்த்தினார். 1885-முதல் அரிசியோடு வாற்கோதுமையைக் கலந்து சமைக்கச் செய்தார். அது சோறு போலவே இருந்தது, மாலுமிகள் உண்டனர், சில ஆண்டுகளில் கடற்படையிலிருந்து பெரிபெரி ஏறக்குறைய மறைந்தது. புரதக்குறைவே இந்நோயின் காரணம் என்று தக்காகி எண்ணியது தவறு. தவறான காரணத்தைக் கொண்டே சரியான உணவைக் கண்டடைந்தார்.

தரைப்படையோ அவரை ஏற்க மறுத்தது. செருமானிய மருத்துவத்தைக் கற்றுவந்த அதன் மருத்துவர்கள், புகழ்பெற்ற எழுத்தாளரான மோரி ஓகாய் உட்பட, காரணத்தை மெய்ப்பிக்காத ஒரு மாற்றத்தை ஏற்பது அறிவியலுக்குப் பொருந்தாது என்றனர். ஏழை உழவர் குடும்பங்களிலிருந்து வந்த படைவீரருக்கு நாள்தோறும் வெண்சோறு என்பது பெருஞ்சிறப்பாக இருந்தது. அதைப் பறிக்கவும் படைத்தலைமைக்கு மனமில்லை. 1904-05-இல் நடந்த உருசிய-சப்பானியப் போரில் அந்தத் தரைப்படையில் 27,000-க்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் மாண்டனர். போர் முடியும் தறுவாயில், 1905-இல்தான் அவர்களுக்கு வாற்கோதுமை கலந்த சோறு கிடைத்தது. அதே ஆண்டில் தக்காகிக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. மக்கள் அவரை ‘வாற்கோதுமைப் பிரபு’ என்று வேடிக்கையாக அழைத்தனர்.

மற்றொரு நாடு அண்டையிலுள்ள சாவகம். பத்தாவியாவில் ஆராய்ச்சி செய்த எய்க்மான் என்னும் ஒல்லாந்தர், மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெண்சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதை 1889-இல் கண்டார். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றைக் குடிமைக் கோழிகளுக்குத் தருவதா என்று நிறுத்திவிட்டார், கோழிகள் தேறின. சமையற்காரரின் கஞ்சத்தனம் மருத்துவ அறிவியலுக்குச் செய்த தொண்டு இதுபோல வேறில்லை. இக்கோழிகள் காட்டிய வழியில் வோர்டர்மன் என்னும் அதிகாரி சாவகத்திலும் மதுராவிலும் 101 சிறைகளை நேரிற் சென்று ஆய்ந்தார். தீட்டிய அரிசி தந்த 51 சிறைகளில் 36-இல் பெரிபெரி இருந்தது. தவிடு நீங்காத அரிசி தந்த 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே இருந்தது. இவ்வளவு தெளிவான கணக்கு வந்தபின்னும் ஐயம் தீர்ந்தபாடில்லை.

இனி மலாயாவுக்குத் திரும்பலாம். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தமிழரையும் சீனரையும் பல்லாண்டு ஒப்பிட்டு நோக்கியவர். வேறுபாடு அரிசியில்தான் என்று அவர் உறுதியாக நம்பினார். தம் ஆய்வை 1907-இல் பெருநூலாக வெளியிட்டார். பழைய வெள்ளரிசியில் ஒரு நஞ்சு தோன்றுகிறது என்பது அவர் தந்த விளக்கம். தக்காகியைப் போலவே இவரும் கண்டது சரி, சொன்ன காரணம் தவறு. உணவு வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வதைக் காணலாம். காரணம் விளங்கும்வரை காத்திருந்தவர்களைவிட, கண்டதை நம்பித் தட்டை மாற்றியவர்களே உயிர்களைக் காத்தனர்.

பிராடனின் கருத்தைச் சோதிக்க முன்வந்தவர் கோலாலம்பூரின் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். அங்கிருந்த மனநோயாளர் விடுதியில் 1905-ஆம் ஆண்டில் பெரிபெரி கடுமையாகப் பரவிப் பலரை மாய்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் விடுதியிலிருந்தோர் அனைவரையும் உணவுக்கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றவர் முற்றத்தின் ஒருபுறத்துக் கூடத்திற்கும், இரட்டைப்படை எண் பெற்றவர் எதிர்ப்புறத்துக் கூடத்திற்கும் அனுப்பப்பட்டனர். முன்னவருக்கு வழக்கமான சயாம் வெள்ளரிசி; பின்னவருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு யாவும் ஒன்றே. நோய் இடத்தைப் பற்றியதா என்பதை அறிய, இடையில் இரு சாராரையும் கூடம் மாற்றியும் பார்த்தார். நோய் கூடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு சென்றது.

ஓராண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, வெள்ளரிசி உண்ட 120 பேரில் 30-க்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர்; 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோயுற்றவர் இருவர். அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவரும் இறக்கவில்லை. தம் வாய்பேசி உரிமை கேட்க இயலாத மனநோயாளரைக் கொண்டு, ஒரு சாராருக்கு நோய்தரும் உணவு என ஐயுறப்பட்டதை ஓராண்டு ஊட்டிய இச்செயலை இன்றைய அறநெறி ஒருபோதும் ஏற்காது. அந்தப் 18 பேரின் பெயர் எவருக்கும் நினைவில்லை. உலகிற்கு அவர்கள் விட்டுச்சென்ற உண்மையாவது மறக்கப்படாமல் இருத்தல் வேண்டும்.

அவ்வுண்மை யாது? புழுங்கல் அரிசி உண்ட கூடத்தில் இருந்த ஒருவரை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டில் அவருக்குப் பெரிபெரி இல்லை; இவ்வாண்டும் இல்லை. அவரைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் நிகழவில்லை. இந்த அரிசியால் உமக்கு என்ன பயன் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றே அவர் சொல்லியிருப்பார். முற்றத்தின் எதிர்ப்புறத்தில் நிகழ்வதைப் பார்த்தால் அன்றித் தமக்குக் கிடைத்த பெரும்பேற்றை அவர் அறிய வழியே இல்லை. நல்லுணவின் பலன் பெரும்பாலும் இத்தகையதே. வராமற்போன நோயை எடைக்கருவி காட்டாது. நேற்றைய தம்மோடு இன்றைய தம்மை ஒப்பிடுபவர் ஒன்றும் காணாமல் சோர்வார். நல்லுணவு உண்ணாதிருந்தால் இன்று எவ்வாறு இருந்திருப்போம் என்பதே சரியான ஒப்பீடு. ஆனால் அந்த மற்றொரு தம்மைக் காண மனிதருக்குக் கண்ணில்லை. பிளெட்சரின் எதிர்க்கூடம் அந்தக் கண்ணாக அமைந்தது.

பிளெட்சரின் ஆய்வுக்குப் பின்னரும் ஐயுற்றோர் இருந்தனர். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907-முதல் மேலும் ஒரு சோதனை நடத்தினர். நெகிரி செம்பிலானில் ஜெலுபுவை அடுத்த துரியான் தீப்புஸ் காட்டில் சாலை போடச் சென்ற ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கினர். மனிதர் முன்பு குடியிராத காடு ஆதலால் பழைய இடத்தின் கிருமி என்ற வாதத்துக்கு இடமில்லை. முதல் இரண்டு திங்களும் இரு பிரிவினரும் நலமாகவே இருந்தனர். அந்நாளில் கணக்கெடுத்திருந்தால் இரு அரிசிக்கும் வேறுபாடே இல்லை என்று எழுதி மூடியிருக்கலாம். ஏறத்தாழ மூன்று திங்களில் வெள்ளரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டிற்று. புழுங்கல் பிரிவில் இல்லை. அரிசியை மாற்றித் தந்தபோது நோயும் பிரிவு மாறியது. பின்னர் இவ்விருவரும், நீங்கிய தவிட்டிலேயே நோய்தடுக்கும் பொருள் உள்ளதென நிறுவினர். அரிசியில் உள்ள எரிமச் சத்து 0.4 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அது அளவுக்கு மீறித் தீட்டப்பட்டது எனக் கொள்ளலாம் என்னும் எளிய அளவுகோலையும் தந்தனர். 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, வெள்ளை அரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் உயிர்ச்சத்து என்னும் கருத்து 1912-இல் பெயர் பெற்றதும், 1926-இல் பத்தாவியாவில் தையமின் பிரித்தெடுக்கப்பட்டதும், 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் பலரும் அறிந்தவை.

ஆனால் பலரும் அறியாத பகுதி ஒன்று உண்டு. காரணம் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது, விலையோ மிகக் குறைவு. சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் அரசு புழுங்கல் அரிசியைக் கொடுத்தது. அங்கே நோய் விரைவில் அடங்கியது. வெளியே இருந்த மக்கள் மாறவில்லை. புழுங்கல் அரிசியின் மணம் பிடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை, அது ஏழைக் கூலியின் சோறு என்ற எண்ணம் வேறு. வெண்மை உயர்வுக்கு அடையாளமாயிற்று. தவிடு நீங்காத அரிசியோ விரைவில் சிக்குநாற்றம் எடுப்பதால் கடைக்காரரும் அதை விரும்பவில்லை. ஆகவே 1930-களிலும் மலாயாவில் பெரிபெரி இருந்துகொண்டுதான் இருந்தது. சிறையில் இருந்தவனுக்குப் பெரிபெரி இல்லை, விடுதலை பெற்றவனுக்கு உண்டு என்னும் முரண்பாட்டை எண்ணினால் நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

சப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942-முதல் 1945-வரை, விரும்பினாலும் நல்லரிசி கிடைக்காத நிலை வந்தது. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று, பெரிபெரி மீண்டும் தலைவிரித்தாடியது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் காலராவாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் பசியாலும் பல்லாயிரவராய் மடிந்தபோது, முன்பு அவர்களைத் தீண்டாதிருந்த பெரிபெரியும் அச்சாவுகளில் பங்குகொண்டது. சிங்கப்பூரில் சாங்கி முகாமிலிருந்த போர்க்கைதிகள், கால்நடைக்கு இடும் தவிட்டைக் கேட்டுப் பெற்று விழுங்கினர். லாலான் புல்லைப் பிழிந்து அச்சாற்றையும் குடித்தனர். தொண்டையில் இறங்காத அத்தவிட்டை நாள்தோறும் உட்கொள்ளச் செய்வது முகாம் மருத்துவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நோயுற்றுக் கிடக்கும் தோழனை அருகிலேயே கண்டவர்களுக்கு அதை விழுங்குவது சற்று எளிதாக இருந்திருக்கும். பிளெட்சரின் எதிர்க்கூடம் அங்கே அடுத்த பாயிலேயே இருந்தது.

போருக்குப் பின் பெரிபெரி மறைந்தது. பலவகை உணவு மக்களுக்குக் கிட்டியதே அதற்குப் பெருங்காரணம். காலப்போக்கில் தமிழர் வீடுகளிலும் புழுங்கல் அரிசியின் இடத்தை வெள்ளரிசி பெருமளவில் பற்றிக்கொண்டது. கட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீரும் ஆலைச் சர்க்கரையும் பெருகின. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தபின் உடலுழைப்பும் குறைந்தது. இவற்றோடு பிறவி இயல்பும் சேர்ந்து நீரிழிவு நோயை வளர்த்தன. மலேசியாவில் 2019-இல் எடுக்கப்பட்ட நாடளாவிய நலவாழ்வு ஆய்வின்படி, வயதுவந்தோரில் 100-க்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4. பெரிபெரியிலிருந்து தப்பிய மக்களின் பேரப்பிள்ளைகள் அனைவரினும் மிகுதியாக இந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர். மீண்டும் புழுங்கல் அரிசிக்குத் திரும்பினால் நீரிழிவு தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. அது பெரிபெரியைத் தடுத்ததே ஒழிய நீரிழிவுக்கு மருந்தன்று. அளவு மிஞ்சினால் எந்தச் சோறும் சர்க்கரையே. இங்கே கருதத்தக்கது அரிசியன்று, பொறுமை.

ஏனெனில் நீரிழிவு பெரிபெரியைக் காட்டிலும் மிக மெதுவாக நடக்கும் நோய். பெரிபெரி மூன்று திங்களில் தன் விடையைச் சொன்னது. இது முப்பது ஆண்டு எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு காலம் காத்திருந்து பார்த்தவர்கள் சீனநாட்டின் வடகிழக்கில் எண்ணெய் வளத்தால் எழுந்த தாச்சிங் நகரத்து மருத்துவர்கள். பிளெட்சர் ஓராண்டில் செய்ததை அவர்கள் ஒரு தலைமுறைக் காலம் செய்தனர் எனலாம். ஆனால் எவருக்கும் தீய உணவு ஊட்டப்படவில்லை. 1986-இல் அந்நகரில் 1,10,660 பேரைச் சோதித்து, நீரிழிவின் வாசலில் நின்ற 577 பேரைத் தெரிந்தெடுத்தனர். அவர்கள் செல்லும் 33 மருத்துவ நிலையங்களைப் பிரித்து, சிலவற்றில் உணவு அறிவுரையும், சிலவற்றில் உடற்பயிற்சியும், சிலவற்றில் இரண்டும் தந்தனர். எஞ்சியவற்றில் வழக்கமான கவனிப்பே தொடர்ந்தது. காய்கறியைக் கூட்டுவது, சர்க்கரையையும் மதுவையும் குறைப்பது, பருத்தவர் மெல்ல எடையைக் குறைப்பது ஆகியனவே அந்த உணவு அறிவுரை. புதுமை ஏதுமில்லை, எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியவையே.

ஆறாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவருள் 100-க்கு 67.7 பேர் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தனர்; உணவை மாற்றியவருள் 43.8 பேர். இதனை மருத்துவர் வெற்றி என்றனர். ஆனால் அந்த 43.8-இல் ஒருவராக இருந்தவரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்? ஆறாண்டு நாவைக் கட்டியும் நோய் வந்துவிட்டதே என்றுதானே வருந்தியிருப்பார்? இருபதாம் ஆண்டின் கணக்கு மேலும் சோர்வு தந்தது. வழக்கமான பிரிவில் 100-க்கு 93 பேருக்கு நீரிழிவு. உணவும் உழைப்பும் மாற்றிய பிரிவுகளில் 80 பேருக்கு. ஐவரில் நால்வர் தோற்றனர் என்றே பார்ப்போர்க்குத் தோன்றும். இறப்புக் கணக்கிலும் அதுவரை உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அங்கேயே ஏட்டை மூடியிருந்தால், நல்லுணவு நீரிழிவைச் சற்றே தள்ளிப்போடும், உயிரைக் காக்காது என்பதே முடிவாக நிலைத்திருக்கும்.

அவர்கள் மூடவில்லை. 23-ஆம் ஆண்டில் இதயநோயாலும் பக்கவாதம் போன்ற இரத்தக்குழாய் நோய்களாலும் இறந்தோர் வழக்கமான பிரிவில் 100-க்கு 19.6 பேர், மாற்றிய பிரிவுகளில் 11.9 பேர். எந்தக் காரணத்தாலும் இறந்தோர் முன்னதில் 38.4, பின்னதில் 28.1. நீரிழிவு வந்தது என்பது உண்மை; ஆனால் பிந்தி வந்தது. பிந்திய ஒவ்வோர் ஆண்டும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஓராண்டு ஓய்வாக அமைந்தது. நோய் வந்தவர் தாம் தோற்றதாக எண்ணிய காலத்திலேயே அந்த ஓய்வின் பயன் அவர் உடலில் சேர்ந்துகொண்டிருந்தது. எடைக்கருவியிலோ பரிசோதனைத் தாளிலோ அதைக் காண முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு அறிவுரையும் ஊக்கமும் தந்த திட்டம் 1992-இல் முடிந்துவிட்டது. ஆறாண்டுக் கட்டுப்பாட்டின் பயன் அதற்குப்பின் இருபதாண்டுக்கு மேல் நீடித்தது. சோற்றை அளந்து உண்டவர் இடையில் ஓராண்டு தளர்ந்தாலும், முன்பு உண்ட நல்லுணவு வீணாகிப் போவதில்லை என்பதற்கு இது சான்று. நான்காம் திங்களில் சோர்ந்து, இனி எதற்கு என்று கேட்பவருக்குச் சொல்லத்தக்க மறுமொழி இதனினும் வேறில்லை. அதே வேளையில் தஞ்சைப் பெண்டிரின் அண்டாவையும் தக்காகியின் வாற்கோதுமையையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஊக்கத்தை நம்பி உண்டவர் அல்லர் அவர்கள். வீட்டிலும் கப்பலிலும் அடுப்பில் ஏற்றப்பட்டதே அந்த உணவுதான். வேறு உண்ண வழியில்லை. நாள்தோறும் தட்டின் முன் அமர்ந்து மனத்தோடு போராடுபவர் என்றேனும் ஒருநாள் தோற்பார். கடையில் வாங்கும்போதே போரை முடித்துக்கொண்டவருக்குத் தட்டின் முன் போராட வேண்டியதில்லை. இதனால்தான் சிறையில் வென்ற புழுங்கல் அரிசி கடைத்தெருவில் தோற்றது.

தாச்சிங் ஆய்வின் 30-ஆம் ஆண்டு அறிக்கை 2019-இல் வெளியாயிற்று. அப்போது முதலில் சேர்ந்தவருள் பலர் மறைந்துவிட்டிருந்தனர். உயிரோடு இருந்தவர் முதுமையின் நடுவே இருந்தனர். உணவையும் உழைப்பையும் மாற்றியவருக்கு நீரிழிவு சராசரியாக 3.96 ஆண்டு பிந்தி வந்திருந்தது. அவர்களுடைய வாழ்நாள் மற்றவரினும் சராசரியாக 1.44 ஆண்டு கூடியிருந்தது. திங்கள் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 17.